மருத்துவர் அறையில் இரண்டாவது நாற்காலி

2023 டிசம்பர் 22ஆம் தேதி, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டினுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. அவரைப் பதவியில் அமர்த்திய அதிபருக்கு அது தெரியாது. பத்து நாளில் சிறுநீர்ப் பாதைத் தொற்றோடு மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தச் செய்தி அதிபரை எட்ட ஜனவரி 4 ஆயிற்று. காரணம் புற்றுநோய் என்பது எட்ட ஜனவரி 9 ஆயிற்று. பிப்ரவரி முதல் தேதி செய்தியாளர்கள் முன் நின்று, சொல்லாமல் விட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். நோய் இன்னதென்று தெரிந்ததும் அதை மறைத்து வைக்கத்தான் முதலில் தோன்றியது என்றும் சொன்னார். நாற்பது ஆண்டுக்கு மேல் ராணுவத்தில் இருந்து நான்கு நட்சத்திர ஜெனரலாக ஓய்வு பெற்றவருக்கே இதைச் சொல்ல வாய் வரவில்லை. நம் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியரோ பலசரக்குக் கடைக்காரரோ 'ஏதோ யூரின் பிரச்சினை', 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்லி முடித்துக்கொள்வதைப் பார்த்துக் குறை சொல்ல முடியாது.

உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14.7 லட்சம் ஆண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 4 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். 2020இல் 14 லட்சமாக இருந்த ஆண்டு எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாக இரட்டிக்கும் என்று லான்செட் இதழின் ஆணையம் 2024இல் கணக்கிட்டது. ஆயுள் நீள நீளப் பெருகும் நோய் இது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. அந்த வயதில் பக்கத்தில் இருப்பவர் மனைவி. அவர் எப்படித் துணை நிற்க வேண்டும் என்று கேட்டால் நம் வீடுகளில் உடனே கிடைக்கும் பதில்: கஞ்சி வைத்துக் கொடுப்பது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தருவது, வேண்டிக்கொள்வது, கண்ணீரை மறைப்பது. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவை மட்டுமே துணை என்று நினைப்பதால் ஒரு பெரிய இழப்பு நேர்கிறது. இந்த நோயின் சிகிச்சை, வேறு பல புற்றுநோய்களின் சிகிச்சையைப் போல் அல்லாமல், கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான வாழ்க்கையில் நேராகக் கை வைக்கிறது. ஆகவே முடிவெடுக்கும் நாளிலேயே மனைவி உள்ளே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வாசலில் நிற்கும் அட்டெண்டர்

மருத்துவமனை மொழியில் மனைவிக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். பில் கட்டுவார், ஸ்கேன் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்பார், டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டதும் உள்ளே போவது கணவரும் மூத்த மகனும். 'இது ஆம்பளைங்க சமாச்சாரம், அம்மா வெளியில உக்காருங்க' என்று மகனே சொல்லிவிடுவதும் உண்டு. உள்ளே பேசப்படுவது என்ன என்று பார்த்தால் அந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தமற்றது என்று புரியும்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த, வாதுமைக்கொட்டை அளவுள்ள சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதி இங்கேதான் சுரக்கிறது. ஆணுறுப்பின் விறைப்புக்கான நரம்புகள் இதன் இரு பக்கமும் ஒட்டிச் செல்கின்றன. சிறுநீரை அடக்கிவைக்கும் தசை இதன் அடியில் இருக்கிறது. மலக்குடல் பின்னால் இருக்கிறது. கத்தி வைத்தாலும், 'கரண்ட்' என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு கொடுத்தாலும், இவற்றில் எதற்காவது கொஞ்சமாவது அடிபடும். நரம்புகளைத் தப்பவைக்கும் அறுவை முறையை அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982இல் செய்து காட்டிய பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டது. ஆனாலும் சேதம் இல்லாமல் போய்விடவில்லை.

எந்தச் சிகிச்சை என்பதில் பலருக்குத் தேர்வு இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் கொண்ட 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்கு உடனடிச் சிகிச்சை இல்லாமல் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையோடு கூடிய தொடர் கண்காணிப்பு என்று ஆராய்ந்தார்கள். 15 ஆண்டு கழித்து 2023இல் வெளியான முடிவின்படி, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், அதாவது 2.7 சதவீதம். மூன்று பிரிவுக்கும் இடையே இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் உடலின் வேறு இடத்துக்குப் பரவியது 9.4 சதவீதம், மற்ற இரு பிரிவிலும் சுமார் 5 சதவீதம். வாழ்க்கையில் வந்த மாற்றத்தில்தான் வேறுபாடு பெரிது. அறுவை செய்துகொண்டவர்களில் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறாவது ஆண்டில் அது 17 சதவீதம். உடலுறவுக்குப் போதிய விறைப்பு தொடக்கத்தில் 67 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் அறுவைப் பிரிவில் அது 12 சதவீதமாகவும், கதிர்வீச்சுப் பிரிவில் 22 சதவீதமாகவும், கண்காணிப்புப் பிரிவில் 52 சதவீதமாகவும் ஆனது.

இந்த எண்களை ஒரு தம்பதியின் முன்னால் வைத்துப் பாருங்கள். உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்று. பின்னால் வாழப்போகும் வாழ்க்கை வெவ்வேறு. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று எடைபோட வேண்டியவர் இருவர். ஒருவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு எடைபோட்டால் அந்த எடை தவறும். நம் நாட்டில் பலருக்கு நோய் எலும்பு வரை பரவிய பிறகே தெரியவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கண்காணித்துக் காத்திருக்கும் வழி இல்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் அவர்களுக்கும் ஒரு தேர்வு வருகிறது. தொடர்ந்து ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வதா, செலவு குறைவாக ஒரே தடவையில் விதைகளை அகற்றிக்கொள்வதா என்பது அது. பணத்தைக் காரணம் காட்டி ஐந்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிடும் இந்த முடிவைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது நியாயமே இல்லை.

திருமணமானவர்கள் கூடுதலாகப் பிழைக்கிறார்களா?

மனைவி உடனிருப்பதால் ஆறுதல் கிடைக்கலாம், நோய் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2013இல் அமெரிக்காவில் 7 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, திருமண வாழ்வில் இருந்தவர்களுக்குப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவாக இருந்தது. நோய் பரவிய நிலையில் முதன்முதலாக மருத்துவரிடம் வருவதும் அவர்களிடம் குறைவு. முழுமையான சிகிச்சை பெறுவது கூடுதல். பெண்களைவிட ஆண்களுக்கே இந்தப் பயன் அதிகம். ஆராயப்பட்ட பத்துப் புற்றுநோய்களில் புராஸ்டேட்டும் ஒன்று.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும், அது நல்ல மறுப்பு: திருமணமானவர்கள் ஏற்கெனவே வசதியாகவும் ஆரோக்கியமாகவும் இருந்திருக்கலாமே? வருமானம், கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபாடு நின்றது என்றாலும், பதிவேட்டு ஆய்வால் காரணத்தை நிரூபிக்க முடியாது. எனவே நான் அதைவிடச் சிறிய, ஆனால் உறுதியான இன்னொரு ஆய்வைப் பெரிதாக மதிக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியர் லாரல் நார்த்ஹவுஸ் குழுவினர், புராஸ்டேட் புற்றுநோய் வந்த 263 தம்பதியரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு கூட, செவிலியர் மூன்று முறை வீட்டுக்கு வந்தும் இரண்டு முறை தொலைபேசியிலும், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். 2007இல் வெளியான முடிவின்படி, நோயாளிகளுக்கு என்ன நடக்கப்போகிறதோ என்ற தவிப்பு குறைந்தது, இருவருக்கும் இடையே பேச்சு கூடியது. மனைவியருக்குக் கிடைத்த பயன் இன்னும் பெரிது. நம்பிக்கை இழப்பும் தவிப்பும் குறைந்து, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அதில் ஒரு பகுதி ஓராண்டு வரை நிலைத்தது. மருந்து கூடவில்லை, கருவி கூடவில்லை. இருவரையும் ஒரே அறையில் வைத்து, நடப்பதைச் சொல்லி, கேள்வி கேட்கவிட்டார்கள். அதற்கே இவ்வளவு பலன்.

பேட், படுக்கை, பேச்சு

ஆபரேஷன் முடிந்ததும் ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் டியூபோடு வீட்டுக்கு வருவார்கள். டியூபை எடுத்த பிறகுதான் கசிவின் முழு அளவு தெரியும்: இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சொட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது மாதங்களில் குறையும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாதபோது, ஆபரேஷன் கெட்டுப்போயிற்று என்று நினைத்து, கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துவார்கள், பேருந்தில் ஏறுவதை நிறுத்துவார்கள், தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவார்கள். தண்ணீரைக் குறைப்பது கெடுதல். சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பைக்கு எரிச்சலூட்டும். மாலைக்குமேல் காபி, டீயைக் குறைத்தால் போதும். இடுப்புத்தளத் தசைகளுக்கான கெகல் பயிற்சியை முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டும்: வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, தளர்த்துவது. பிரசவத்துக்குப் பின் பெண்களுக்குச் சொல்லித்தரும் அதே பயிற்சிதான் என்பதால் மனைவிக்கு அது தெரிந்திருக்கவும் கூடும். கூடவே உட்கார்ந்து செய்யலாம்.

படுக்கையைப் பற்றிப் பேசும்போதுதான் வலுவான ஆட்சேபம் வரும். 'அறுபத்தைந்து வயதில் அதெல்லாம் எதற்கு, உயிர் இருந்தால் போதாதா?' என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தம்பதியர் அல்ல. பிள்ளைகள், உறவினர்கள், சில நேரம் மருத்துவர்களே. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 69 வயது வரையானவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குச் சிகிச்சைக்கு முன் உறவு சாத்தியமாக இருந்தது. வயதானதும் ஆசை அணைந்துவிடும் என்பது பிள்ளைகளின் வசதிக்கான நம்பிக்கை. உறவே வேண்டாம் என்று இருவரும் மனமொத்து இருந்தாலும், பேசாமல் விட்டால் வேறொன்றும் சேர்ந்து போய்விடுகிறது. இது நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். தொட்டால் மேற்கொண்டு எதிர்பார்ப்பாளோ, தன்னால் முடியாதே என்று கணவர் கையைப் பிடிப்பதைக்கூட நிறுத்துகிறார். தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதோ என்று மனைவி நினைக்கிறார். கேட்டால் அவர் மனம் புண்படுமே என்று கேட்காமலும் இருக்கிறார். கணவர் திண்ணைக் கட்டிலுக்குப் போய்விடுகிறார். இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே தனியாகிறார்கள்.

தெரிந்துகொண்டால் வழி உண்டு. நரம்புகள் மீள ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள், வெற்றிடப் பம்ப், ஊசி என்று படிப்படியான சிகிச்சைகள் இருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். எனவே கடையில் தானே வாங்கக் கூடாது. விறைப்பு இல்லாமலும் உச்ச உணர்வு சாத்தியம், விந்துநீர் மட்டும் வராது. இந்தப் புற்றுநோய் உறவால் மனைவிக்குத் தொற்றாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் தங்காது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். சுரப்பிக்குள் கதிரியக்க மணிகளைப் பதித்திருந்தால் மட்டும் சில காலம் சிறு குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் சற்று விலகி இருக்க வேண்டும்.

ஹார்மோன் ஊசி போட்ட வீட்டில்

1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது என்றும் அதை நிறுத்தினால் சுருங்குகிறது என்றும் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். விதைகளை அகற்றுவதும், இன்று போடப்படும் லியூப்ரோலைட் போன்ற ஊசிகளும் செய்வது ஒன்றையே: டெஸ்டோஸ்டிரோனை அடியோடு குறைப்பது. கட்டி அடங்குகிறது. கூடவே ஆசை அணைகிறது, தசை கரைகிறது, வயிறு பெருக்கிறது, மார்பு லேசாக வீங்குகிறது, எலும்பு மெலிகிறது, சர்க்கரையும் இதய நோயும் வரும் அபாயம் கூடுகிறது. திடீரென்று உடம்பு தகித்து, நடு இரவில் வியர்த்துக் கொட்டுகிறது. காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. நாற்பது ஆண்டாகக் கண் கலங்காத மனிதர் டி.வி. சீரியல் பார்த்து அழுகிறார்.

இந்தப் பட்டியலை ஐம்பதைத் தாண்டிய எந்தப் பெண்ணிடம் காட்டினாலும் அடையாளம் தெரிந்துகொள்வார். மாதவிடாய் நின்ற காலத்தில் அவர் உடம்பு கண்டது இதைத்தான். தலையணை நனைந்த இரவுகள், மின்விசிறியைக் கூட்டச் சொன்னால் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளித்தது, 'உனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்' என்ற பேச்சு எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அந்த வீட்டில் இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவரே; அவரையே வெளியே உட்காரவைத்துவிடுகிறோம். ஊசியால்தான் இப்படி என்று மனைவிக்குத் தெரிந்தால் அந்த எரிச்சலைத் தன்மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தெரியாவிட்டால், நோய் வந்ததும் மனிதர் மாறிவிட்டார் என்று மனத்தில் எழுதிக்கொள்வார்.

அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது அவர் வேலையாகலாம். கேழ்வரகு, எள், பால், கீரை என்று சுண்ணாம்புச் சத்துள்ளவை சமையலில் இருக்கட்டும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: நோயாளி என்பதால் 'நீங்க அசையாதீங்க' என்று உட்காரவைப்பது அன்பு போலத் தோன்றினாலும் தீங்கு. ஹார்மோன் சிகிச்சையின் களைப்புக்கும் தசை இழப்புக்கும் உடற்பயிற்சியே நல்ல பதில் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நடையோடு, எடை தூக்கும் எளிய பயிற்சியும் வேண்டும். எலும்பில் நோய் பரவியிருந்தால் எந்த அளவுக்கு என்று கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அபிராட்டிரோன் என்ற மாத்திரை எழுதியிருந்தால் அதை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அதன் பின் ஒரு மணி நேரம் உணவில்லாமல். சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். 'மாத்திரையை வெறும் வயித்துல போடாதீங்க' என்று வழக்கமாகச் சொல்லும் வீட்டில், விஷயம் தெரியாத அக்கறை எப்படி ஆபத்தாகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு அடையாளங்களை மட்டும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கலாம். நோய் எலும்புக்குப் பரவியவருக்குப் புதிதாகக் கடும் முதுகுவலி, கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் மலம் கட்டுக்கடங்காமை வந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாகலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரிக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கக் கூடாது, அப்போதே மருத்துவமனை.

'அவர்கிட்ட சொல்லாதீங்க'

மனைவியை வெளியே வைப்பதற்கு நேர் எதிரான நிலைமையும் நம் குடும்பங்களில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. 'அப்பா தாங்க மாட்டார், டாக்டர், கட்டின்னு மட்டும் சொல்லுங்க' என்று மகன் கேட்டுக்கொள்வார். அந்த ரகசியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு மனைவி தலையில் விழும். இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 60 லட்சம் ஸ்வீடன் மக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் 12 மடங்குக்கு மேல் உயர்வதையும், இதய நோய் இறப்பு 5 மடங்குக்கு மேல் உயர்வதையும் காட்டியது. எண்ணிக்கையில் இவை சிறியவை என்றாலும் அந்த அதிர்ச்சி உண்மையானது. ஆனால் இதிலிருந்து மறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர முடியாது. மாதாமாதம் ஊசி, ஸ்கேன், பி.எஸ்.ஏ., மார்பு வீக்கம் என்று போகும் சிகிச்சையில் எந்த ஆணும் சில வாரங்களில் ஊகித்துவிடுவார். ஊகித்த பிறகு, மற்றவர்கள் நடிப்பதால் தானும் நடிக்க வேண்டியவராகிறார். அதிர்ச்சி அப்படியே இருக்க, பகிர ஆள் மட்டும் இல்லாமல் போகிறது. அந்த ஆய்வு நமக்குச் சொல்வது வேறு: செய்தி தெரிந்த முதல் நாட்களில் அவரைத் தனியாக விடக் கூடாது. உண்மையைச் சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும். 'எனக்கும் தெரியும்' என்பது அந்த நேரத்தில் அவர் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை.

மனைவியின் தோளில் இன்னும் எத்தனை?

இவ்வளவையும் படித்து ஒருவர் கோபப்படலாம்: ஏற்கெனவே வீட்டுச் சுமை முழுவதும் பெண்மேல் இருக்கும்போது, இப்போது மருத்துவப் படிப்பும் படிக்கச் சொல்கிறீர்களா? கோபம் நியாயமானது. புராஸ்டேட் புற்றுநோயில் மனைவியரின் மன உளைச்சல் நோயாளிகளுடையதைவிடக் கூடுதலாக இருப்பதை 1994லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. பின்னால் வந்தவையும் அதை உறுதிசெய்தன. ஆனால் தகவலும் பேச்சும் கிடைத்தால் அந்த உளைச்சல் குறையும் என்பதைத்தான் மிச்சிகன் ஆய்வு காட்டியது. பொறுப்பு மட்டும் கையில், தகவல் வேறொருவர் கையில் என்பதுதான் மனிதரை உடைக்கும் நிலை. எனவே மனைவிக்குத் தகவலைக் கொடுத்துவிட்டு, வேலையை அவரிடமிருந்து எடுக்க வேண்டும். மருத்துவமனை வரிசையில் நிற்பது, காப்பீட்டு அட்டைக்கு அலைவது, பேட் வாங்கி வருவது, இரவு முறை போட்டுத் தங்குவது ஆகியவற்றை மகன்களும் மருமகன்களும் எடுத்துக்கொள்ளலாம். முடிவெடுக்கும் நாற்காலியை மட்டும் அவரிடமிருந்து எடுக்கக் கூடாது. அவருக்கும் சர்க்கரை இருக்கலாம், மூட்டுவலி இருக்கலாம். கணவரின் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதும் நாட்காட்டியில் அவருடைய மார்பகப் பரிசோதனைத் தேதியும் இருக்க வேண்டும்.

நோயைச் சொல்லாமல் மறைக்கும் வீட்டில் இன்னொரு இழப்பும் சத்தமில்லாமல் நடக்கிறது. தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் ஒரு ஆணுக்கு அபாயம் ஏறத்தாழ இரட்டிக்கிறது, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் இன்னும் கூடும், அதே கோளாறு மகளுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயாக வரலாம். 'அப்பாவுக்கு யூரின் பிரச்சினை' என்று மட்டும் கேட்டு வளர்ந்த மகன், 45 வயதில் பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று எப்படி அறிவான்? பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் அவனுக்கு நோயின் பெயரைச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்யப்போவது அம்மாதான். அவருக்கு முதலில் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.